பின்னாலிருந்து ஒரு கை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வருஷப் பிறப்புக்குச் சர்ச்சில் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வசனம் அச்சடித்திருக்கிறது. அதன் கீழே என் புலம்பல். ஆண்டவர் பொறுமைசாலி.

மத்தியானம் ஜெபசிங் அண்ணன் சென்னையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். இந்த மாதம் முப்பதாம் தேதி அப்பா அம்மாவுக்குக் கல்யாணப் பொன்விழா. சர்ச் ஹால், ஸ்தோத்திரக் கூட்டம், பிரியாணி, கேக் எல்லாம் முன்பே முடிவானதுதான். இன்று அவனுக்குப் புதிதாக ஒரு யோசனை உதித்திருக்கிறது. முன்னறையில் தொங்கும் கிறிஸ்மஸ் படத்தை அப்படியே திரும்ப எடுக்க வேண்டுமாம். அதே மாதிரி உடுப்பு, அதே நிற்கிற விதம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிய பிளெக்ஸாக அடித்து மேடையில் வைக்க வேண்டுமாம்.

"நீதான் இருக்கியே ஹெப்சி. எடுத்த பெறகு கம்ப்யூட்டர்ல அச்சு அசலா ஆக்கிருவல்லா?"

ஆக்கிவிடுவேன். என் பிழைப்பே அதுதான். கல்யாண ஆல்பத்தில் கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கு வேறு படத்திலிருந்து கண் எடுத்து வைப்பேன். போன வருஷம் இறந்துபோன மாமாவை இந்த வருஷக் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். பாளையங்கோட்டையில் பாதி ஸ்டுடியோக்காரர்கள் வேலையை எனக்குத்தான் அனுப்புகிறார்கள். மாடியில் நானும் கம்ப்யூட்டரும், கீழே அப்பாவும் அம்மாவும். கல்யாணம் ஆகாத நாற்பத்தொரு வயசுக்கு இது ஒன்றும் மோசமான ஏற்பாடு இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். பின்பக்கம் ஒரு பல்லிக் குடும்பம் சௌகரியமாக வாழ்ந்துகொண்டிருந்தது.

எண்பத்து நாலாம் வருஷக் கிறிஸ்மஸ். கலரெல்லாம் வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. பின்னால் திரைச்சீலையில் வரைந்த அருவி. முன்னால் இரண்டு நாற்காலிகளில் அப்பாவும் அம்மாவும். அப்பா பக்கம் அண்ணன், எட்டு வயசு, தொண்டைவரை பட்டன் போட்டு மூச்சுவிட முடியாமல் நிற்கிறான். அம்மா பக்கம் ஷீலா அக்கா, முன்பல் இல்லாமல். நடுவில் முக்காலியின் மேல் லேஸ் வைத்த கவுனில் நான். ஒரு வயசு நிறையவில்லை. பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைப் பிடித்திருக்கிறது.

அந்தக் கைக்கு வீட்டில் ஒரு கதை உண்டு. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள்: "ஒரு நிமிஷம் சும்மா நிக்காது இந்தக் கழுத. நாந்தான் பின்னால கையக் குடுத்துப் பிடிச்சிருக்கேன்." கேட்டவர்கள் படத்தைப் பார்த்து, "ஆமா, கை தெரியுதே," என்பார்கள்.

ஸ்கேன் செய்து வைத்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மாவுக்கு மூன்று கை.

சேலை நிறத்தைச் சரிசெய்யப் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது. ஒரு கை மடியில். இன்னொரு கை சேலை மடிப்புக்குள் புதைந்திருக்கிறது, இரண்டு விரல் மட்டும் வெளியே தெரிகிறது. அப்படியானால் என் இடுப்பில் இருப்பது யார் கை? நாற்பது வருஷமாகச் சுவரில் தொங்குகிற படம், நாங்கள் ஒருவரும் கையை எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தக் கையில் கறுப்பு வார் வைத்த வாட்ச். முகம் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறது. அப்படிக் கட்டுகிற ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும். சுகிர்தம் அத்தை, அப்பாவின் தங்கை. நர்ஸ். நாடி பிடித்தபடியே நேரம் பார்க்க அதுதான் வசதி என்பாள்.

எனக்கு ஆறு வயசாகும்வரை அத்தை எங்களோடுதான் இருந்தாள். பிறகு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்திலுள்ள நாசரேத் ஊரில் வேலை கிடைத்துப் போனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நான் போய்ப் பார்ப்பதுண்டு. வேலை அதிகமாகிவிட்டதால் கொஞ்ச நாளாகப் போகவில்லை.

அம்மாவிடம் கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இன்று சாளை மீன் குழம்பு நன்றாக அமைந்திருந்தது, அதைக் கெடுப்பானேன்.

ஆகஸ்ட் 9, சனி

அண்ணனும் மதினியும் சென்னையிலிருந்து வந்தார்கள். ஷீலா அக்கா மதுரையிலிருந்து வந்தாள். முன்னறையில் அருவி போட்ட துணியைக் கட்டி, ஸ்டுடியோ ராஜமணியை வரவழைத்துப் படம் எடுத்தோம். அண்ணன் தொண்டைவரை பட்டன் போட்டதும் கழுத்து காணாமல் போயிற்று. அக்கா சிரிக்கும்போது பல் தெரியக்கூடாது என்று உதட்டை மடக்கி மடக்கி வலிக்கிறது என்றாள். நான் முக்காலியில் ஏறினால் தலை அருவிக்கு மேலே போய்விடும் என்பதால், ஒரு மணைக்கட்டையில் முட்டி போட்டேன். கைக்கு மதினியைப் பின்னால் உட்கார வைத்தார்கள். இரண்டு மோதிரமும் மெரூன் நகப்பூச்சுமாக அந்தக் கை என் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

எடுத்து முடித்துக் காப்பி குடிக்கும்போது அப்பா, பொதுவாக அறையைப் பார்த்துக் கேட்டார்: "சுகிர்தத்துக்குக் கார்டு போட்டாச்சா?"

"எல்லாருக்கும் போட்டாச்சு," என்றாள் அம்மா.

விலாசம் எழுதியது நான். நாசரேத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. அம்மா சொன்ன பெயர்களைத்தான் எழுதினேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"அத்தைக்குக் கார்டு எல்லாம் எதுக்குப்பா. நான் நேர்ல போய்ச் சொல்லுதேன்," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அண்ணன் சிரித்தான். "போறப்ப அப்படியே ஒனக்கும் ஒரு ரூம் பாத்து வச்சிட்டு வா, ஹெப்சி. பின்னால ஒதவும்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அண்ணன் கேலி பேசுவதில் சின்ன வயசிலிருந்தே கெட்டிக்காரன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குடும்ப வாட்ஸப்பில் விண்ணப்பங்கள். அண்ணனுக்குத் தொப்பை குறைய வேண்டும். அக்காவுக்குக் கன்னம் இறங்க வேண்டும். மதினி படத்திலேயே இல்லை, ஆனாலும் தன் கை கறுப்பாகத் தெரிகிறதாம். அப்பாவுக்கு முடி கறுப்பாக்க முடியுமா என்று அம்மா கேட்கிறாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

ஒரிஜினல் மாதிரி வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். தான் மட்டும் ஒரிஜினல் மாதிரி இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

அம்மா மாடிக்கு வந்தாள். முட்டு வலிக்காரி, வருஷத்துக்கு இரண்டு முறைகூட ஏற மாட்டாள். திரையில் அந்தக் கை மட்டும் பெரிதாகக் கிடந்தது. மூட நேரமில்லை.

"அது என்னத்துக்கு அவ்வளவு பெருசாக் கெடக்கு?"

"கை சரியா வரணும்லாம்மா."

"அத அழிச்சிரு. பழசுலயும் அழிச்சிரு. ஒன்னால முடியும்லா?"

"ஒங்கைதானம்மா, எதுக்கு அழிக்கணும்?" என்றேன், வேண்டுமென்றேதான்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

"நாப்பது வருஷமா அந்தப் படத்தப் பாக்கேன். யாரையும் பாக்கல, அந்தக் கையத்தான் பாக்கேன். பெத்தது நான். மூணு மாசத்துல பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு ஓடுனேன். அவ நைட் டூட்டி பாத்துட்டு வந்து பகல் பூரா ஒன்ன வச்சிருந்தா. நான் சாயங்காலம் வந்து தூக்குனா, நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அவ தோள்ல சாஞ்சிக்கிடுவ. மொதல்ல அம்மான்னு சொன்னதும் அவளப் பாத்துதான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

நான் திரையில் அந்தக் கையைச் சிறிதாக்கினேன்.

"அன்னைக்கு ஸ்டுடியோவுல நாந்தான் சொன்னேன், குடும்பம் மட்டும் நிக்கட்டும்னு. அவ ஒண்ணும் சொல்லாம திரைக்குப் பின்னால போயிட்டா. நீ கத்துன கத்துல ஸ்டுடியோக்காரன் பயந்துட்டான். அவ கை வந்த பெறகுதான் அழுகைய நிறுத்துன." அம்மா எழுந்தாள். "அவள வரச் சொல்லாத, ஏட்டி. ஒரு நாளு. எனக்குன்னு ஒரே ஒரு நாளு இருந்துட்டுப் போகட்டும்."

சரி என்றேன். எனக்குச் சரி என்று சொல்ல நன்றாக வரும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு நாள். நாசரேத் பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். போகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சர்ச். மட்டன். தூக்கம். அப்பா, "போனியா?" என்றார். "இந்த வாரம்ப்பா," என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எல்லாம் பொருந்திவிட்டது. அருவி, நாற்காலி, செங்கல் நிறம். அண்ணன் தொப்பையை ஓரளவுக்கு மன்னித்திருக்கிறேன். கை மட்டும் பொருந்தவில்லை.

மதினியின் மோதிரங்களை எடுத்தேன், நகப்பூச்சை எடுத்தேன். அப்போதும் அது பிள்ளையைப் பிடித்த கையாக இல்லை, போட்டோவுக்காக வைத்த கையாகத்தான் இருக்கிறது. பழைய படத்திலிருந்தே வெட்டி ஒட்டிப் பார்த்தேன். எங்கள் எல்லோருக்கும் நாற்பது வயசு கூடியிருக்கிறது, அந்தக் கைக்கு மட்டும் முப்பத்துமூன்று வயசு. யாரோ ஒரு சின்னப் பெண் திரைக்குப் பின்னால் இன்னும் நின்றுகொண்டிருப்பது போல் இருந்தது. அழித்தும் பார்த்தேன். அழித்தால் நான் முன்பக்கமாக விழப்போகிற மாதிரி இருக்கிறேன்.

அத்தையின் இப்போதைய கை வேண்டும். அவளை அழைக்க முடியாவிட்டால் என்ன, கையாவது அன்றைக்கு மேடையில் இருக்கட்டும். இதில் அம்மாவுக்கும் துரோகமில்லை, அப்பாவுக்கும் பொய்யில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாசரேத் போய் வந்தேன்.

அத்தை வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. காலடிச் சத்தம் கேட்டதும், "ஹெப்சியா?" என்றாள். எப்படித் தெரிந்தது என்றேன். "நீ ஒரு கால இழுத்து வைப்ப. நடக்கப் படிச்சப்பவே அப்படித்தான்."

மஸ்கோத் அல்வா வாங்கிப் போயிருந்தேன். அத்தை அதைப் பக்கத்துக் கட்டில்காரிகளுக்குப் பங்கு வைத்தாள். என் பிரஷர், என் முதுகு வலி, நான் சாப்பிடுகிற நேரம் எல்லாம் கேட்டாள். போன தடவை பார்த்துவிட்டுப் போய் எவ்வளவு நாளாச்சு என்று மட்டும் கேட்கவில்லை. நானே, "கிறிஸ்மஸுக்கு வரணும்னு இருந்தேன் அத்தை," என்றேன். "அதுக்கென்ன, மூணு கிறிஸ்மஸ் சட்டுனு போயிட்டு," என்றாள்.

போனில் பழைய படத்தைக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னா அழுக அழுத. அந்தக் கவுனு நான் தைச்சது."

விஷயத்தைச் சொன்னேன். அதாவது, பாதி விஷயத்தை. அதே மாதிரி படம் எடுக்கிறோம், கை மட்டும் வேண்டும் என்றேன். ஏன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "வாட்ச் வேணும்லா?" என்று எழுந்து போய், பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள், முகத்தை உள்பக்கம் திருப்பி. ஓடாத வாட்ச். பிறகு வராந்தாத் தூணுக்குப் பின்னால் தானாகவே போய் நின்று கையை மட்டும் நீட்டினாள்.

"இவ்வளவு போதுமா? இல்ல இன்னும் கொஞ்சம் நீட்டவா?"

போதும் என்றேன். நாலைந்து முறை எடுத்தேன்.

கிளம்பும்போது கேட்டாள். "அம்பது வருஷமாகுதுல்லா. எங்க அண்ணன் ஏதும் செய்யுதாவளா?"

"சின்னதா வீட்டுல ஒரு ஜெபம்தான் அத்தை. தேதியே இன்னும் முடிவாகல."

"சரிம்மா," என்றாள். "முடிவானா சொல்லு."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "சொல்லிட்டேன்ப்பா, பாக்கேன்னு சொன்னாவ," என்றேன். அவர் எழுந்து போய்த் தன் வெள்ளைச் சட்டையைத் தேய்க்க எடுத்து வைத்தார். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கை பொருந்திவிட்டது. நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, வாட்ச் தொளதொளவென்று தொங்குகிறது. நிறத்தைக்கூடத் தொடவில்லை. வைத்த உடனே படத்தில் நான் நேராகிவிட்டேன்.

பிளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் காட்டவில்லை. ஹாலில் பார்த்துக்கொள்ளட்டும், அத்தனை பேர் முன்னால் திட்டவா போகிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

பொன்விழா முடிந்தது. எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஹால் நிறைந்திருந்தது. அண்ணன் துணியை இழுத்து இரண்டு படத்தையும் திறந்து வைத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அச்சு அசல் என்றார்கள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள், கன்னம் இறங்கியிருந்த சந்தோஷம் அவளுக்கு. அம்மா புதுப் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா மட்டும் படத்துக்கு மிக அருகில் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அந்த வாட்சை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சுகிர்தம் வந்துட்டாளா?" என்றார். "நீ போய்ச் சொன்னல்லா?"

"சொன்னேன்ப்பா."

எங்கள் சர்ச் ஐயர் ஜெபித்து முடித்ததும், அப்பா அம்மாவுக்குப் புதுச் சங்கிலி போட வேண்டும். அம்மா தலையைக் குனிந்து கொண்டையை ஒதுக்கிக் கொடுத்தாள். அப்பா சங்கிலியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கொக்கி அகப்படவில்லை என்று நினைத்து மதினி மாட்டிவிடப் போனாள். அப்பா விடவில்லை.

"அன்னைக்கு மூணாம் முடிச்சு போட்டது சுகிர்தம்தான். அவ வரட்டும்."

பக்கத்திலிருந்த மைக் அதை ஹால் முழுக்கச் சொல்லிவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் தாலிக்கு முடிச்சுப் போட்டவள் அத்தை. அவளுக்குத் தேதி தெரியாதா? ஆகஸ்ட் முப்பதை அவளிடம் முடிவாகவில்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். அவளும் சரிம்மா என்று கேட்டுக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்தார். ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும். அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. "ஹெப்சி, நீ வந்து மாட்டு," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். நான் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கொக்கியை மாட்டினேன். அம்மாவின் கழுத்து நனைந்திருந்தது. ராஜமணி எடுத்த படத்தை இன்று காலை அனுப்பியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் நன்றாக விழுந்திருக்கிறார்கள். பின்னாலிருந்து என் கை மட்டும் தெரிகிறது.

இன்று ஆராதனை முடிந்ததும் அப்பா கேக் டப்பாவை எடுத்துக்கொண்டு, "நாசரேத் போவோம்," என்றார். கார் பிடித்துப் போனோம். அவர் இறங்கி நடந்து வருவதற்குள் நான் முன்னால் போனேன். வாசலில் இல்லத்துப் பெண் என்னைப் பார்த்ததும், "நேத்தே வருவியன்னு நெனச்சோம்," என்றாள். "காலையிலயே குளிச்சிப் பட்டுச் சேல கட்டி, வாட்செல்லாம் கட்டி வாசல்ல உக்காந்துட்டாவ. கார் சத்தம் கேக்குறப்பல்லாம் எந்திரிப்பாவ. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெறகுதான் சேலய மாத்துனாவ."

அத்தை பழைய வாயில் சேலையில் கட்டிலில் இருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து கேக்கை அவள் கையில் கொடுத்தார். பிறகு அப்பா கேட்டார்.

"ஹெப்சி வந்து முறையாச் சொல்லிட்டுத்தான போனா? ஏம்மா நீ வரல?"

நான் அத்தைக்கு மறுபக்கம் கட்டிலை ஒட்டி நின்றேன். அத்தை முகத்தைத் திருப்பி என் பக்கம் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு நான் எவ்வளவு தெரிந்தேனோ.

"சொன்னா அண்ணே. எல்லாம் வெவரமாச் சொன்னா," என்றாள். "எனக்குத்தான் நேத்துக் காய்ச்சலாட்டு இருந்துச்சு. அதான் வர முடியல."

சொல்லும்போது, அப்பாவுக்குத் தெரியாமல், அவள் கை பின்னாலிருந்து வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 1, திங்கள்

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் கீழே போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தைக்குக் காய்ச்சல் விட்டிருக்குமா என்று கேட்டார்.

விட்டிருக்கும்ப்பா என்றேன்.